நாற்று நட்டால் முந்நூறு, பைக்கில் போனால் எண்ணூறு

போன மாதம் வேறு ஏதோ கேள்விக்குப் பதில் சொல்லும்போது, என் கையில் கட்டியிருந்த, நடக்கிற அடியை எண்ணும் ஃபிட்னஸ் பேண்ட் பதினேழாவது மாதத்தில் மண்டையைப் போட்டுவிட்டது என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் இவ்வளவு கடிதம். பாதிக்கு மேல் டெல்டா பக்கத்திலிருந்து. அதனால் இந்த முறை முழுக்க கைப் பேண்ட் சமாச்சாரம்தான். நீங்கள் எழுதியிருந்த கம்பெனிப் பெயர்களையும் கடைப் பெயர்களையும் எடுத்துவிட்டேன், கோபிக்க வேண்டாம்.

மன்னார்குடியிலிருந்து ஒரு வாசகி: சிங்கப்பூரில் இருக்கும் மகன் பொங்கலுக்கு வந்தபோது பேண்ட் வாங்கி வந்து கட்டிவிட்டான். குறுவை நடவுக்கு ஆள் போதவில்லை என்று நானும் வயலில் இறங்கினேன். காலையிலிருந்து இடுப்பொடிய நட்டுவிட்டு மத்தியானம் வரப்பில் ஏறிப் பார்த்தால் முந்நூற்றுச் சொச்சம் அடிதான் காட்டுகிறது. மறுநாள் வீட்டுக்காரர் அதைக் கட்டிக்கொண்டு பைக்கில் திருவாரூர் போய் வந்தார், அவருக்கு எண்ணூறு! இது என்ன கணக்கு?

அம்மா, அதற்குக் கால் என்று ஒன்று இருப்பதே தெரியாது. உள்ளே ஆக்ஸிலரோமீட்டர் என்று ஒரு குட்டிச் சில்லு இருக்கிறது, தமிழில் முடுக்கமானி. கை எந்தப் பக்கம், எவ்வளவு வேகத்தில் அசைகிறது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். நாம் நடக்கும்போது கை ஒரே தாளத்தில் முன்னும் பின்னும் வீசும் இல்லையா, அந்தத் தாளம் விடாமல் சில அடிக்கு வந்தால் ஆள் நடக்கிறார் என்று முடிவு கட்டி எண்ண ஆரம்பிக்கும். இப்போது நடவை நினைத்துப் பாருங்கள். நாற்று முடி இடது கையில், முழங்கை முட்டியில் ஊன்றியிருக்கும், ஓடி ஓடி வேலை செய்வது வலது கை. பேண்ட் கட்டியிருப்பதோ இடது கையில். காலும் சேற்றுக்குள் பின்பக்கமாக, நிதானமாக, ஒவ்வொரு முழமாக நகர்கிறது. பேண்டைக் கேட்டால் நீங்கள் திண்ணையில் உட்கார்ந்திருந்ததாகச் சொல்லும். பைக்கில் நடந்தது நேர் எதிர். ஹேண்டில்பாரின் அதிர்வும் ரோட்டுப் பள்ளமும் சேர்ந்து தாளம் மாதிரி வந்துவிட்டால் அதையும் நடை என்று எண்ணிவிடும், நம் ரோட்டைப் பற்றி நான் சொல்லவா வேண்டும். தயிர் கடைந்தாலும் துணி கும்மினாலும் அடி ஏறும். இடுப்பில் குடத்தை அணைத்துக்கொண்டு நடந்தால், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தால் ஏறாது.

ஆனால் இதை வைத்து உங்கள் பேண்ட் மோசமான சரக்கு என்று சொல்லிவிட முடியாது. ஒரு சோதனை செய்யுங்கள். பத்துப் புளியங்கொட்டையை முந்தானையில் முடிந்துகொண்டு காலையில் ஹரித்ராநதித் தெப்பக்குளக் கரைக்குப் போங்கள். பேண்ட் காட்டும் எண்ணைக் குறித்துக்கொண்டு, கையை வீசி சாதாரணமாக நடங்கள், மனசுக்குள் எண்ணி நூறு அடிக்கு ஒரு கொட்டையைக் கீழே போடுங்கள். கொட்டை தீர்ந்தால் ஆயிரம். பேண்ட் 950-க்கும் 1,050-க்கும் நடுவில் காட்டினால் நல்ல சரக்கு, பேசாமல் வைத்துக்கொள்ளுங்கள். எழுநூறோ ஆயிரத்து நானூறோ காட்டினால், எந்தக் கையில் கட்டியிருக்கிறீர்கள் என்று ஆப்பில் சரியாகப் போட்டிருக்கிறதா என்று மகனைப் பார்க்கச் சொல்லுங்கள். அப்படியும் திருந்தவில்லை என்றால் அது தேறாது.

அப்புறம், பத்தாயிரம் அடி ஆகவில்லையே என்ற கவலையும் கடிதத்தின் கடைசியில் எழுதியிருந்தீர்கள். அந்தப் பத்தாயிரம் ஆராய்ச்சி செய்து கண்டுபிடித்த எண் இல்லை. 1964-இல் டோக்கியோவில் ஒலிம்பிக்ஸ் நடந்த சூட்டில், 1965-இல் ஜப்பானில் இடுப்பில் மாட்டுகிற அடி எண்ணும் கருவி ஒன்று விற்பனைக்கு வந்தது, அதன் பெயர் மான்போ-கெய், பத்தாயிரம் அடி மானி என்று அர்த்தம். விற்பதற்கு வைத்த பெயர் அறுபது வருடமாக எல்லோர் கையிலும் உட்கார்ந்திருக்கிறது. 2019-இல் அமெரிக்காவில் 16,741 மூத்த பெண்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று வந்தது, சராசரி வயது 72. நாளைக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு 41 சதவீதம் குறைவாக இருந்தது, 7,500-க்கு மேல் போனவர்களுக்கு அதைவிடக் கூடுதல் பலன் தெரியவில்லை. நடந்ததால்தான் ஆயுசு கூடியது என்று அது அடித்துச் சொல்லவில்லை, ஆரோக்கியமாக இருப்பவர்கள் அதிகம் நடப்பார்கள் என்பதும் உண்டு. ஆனாலும் பத்தாயிரத்துக்காக ராத்திரி ஒன்பது மணிக்கு முற்றத்தில் சுற்றிச் சுற்றி வர வேண்டியதில்லை. அதிலும் நாள் முழுக்க நட்டுவிட்டு வந்த அன்றைக்கு.

திருவையாற்றிலிருந்து ஒரு இளைஞர்: பெட்டியில் 50 மீட்டர் வாட்டர் ரெசிஸ்டன்ட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஆடிப்பெருக்கு அன்று படித்துறையிலிருந்து நாலைந்து தடவை குதித்தேன், தண்ணீர் ஒரு ஆள் ஆழம்கூட இல்லை. சாயங்காலம் கண்ணாடிக்கு உள்ளே ஆவி கட்டியது, மறுநாள் செத்துவிட்டது. வாங்கி நாலு மாதம்தான். சர்வீஸ் சென்டரில் கேட்டால், தண்ணீர் புகுந்ததற்கு வாரண்டி இல்லை என்கிறார்கள். அண்ணே, இது நியாயமா?

நியாயம் இல்லை தம்பி. ஆனால் அந்த 50 மீட்டர் என்ன என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 5 ஏடிஎம், அதாவது ஐந்து வளிமண்டல அழுத்தம் என்றும் போடுவார்கள். புத்தம் புதுப் பேண்டைச் சோதனைக்கூடத்தில் வைத்து, 50 மீட்டர் ஆழத்தில் அசையாமல் நிற்கும் தண்ணீருக்கு எவ்வளவு அழுத்தமோ அவ்வளவைத் தாங்குகிறதா என்று பார்ப்பதுதான் அது. அதைக் கட்டிக்கொண்டு 50 மீட்டர் இறங்கலாம் என்ற அர்த்தம் அதில் கிடையாது. படித்துறையிலிருந்து கையை வீசிக் குதிக்கும்போது தண்ணீர் அறைகிற அறை வேறு கணக்கு, புது வெள்ளத்தில் வரும் மணல் ஓரங்களில் போய் உட்காருவது அதைவிட மோசம். தூசி, தண்ணீர் தடுப்புக்கான ஐபி68 என்ற குறியீடு போட்டிருப்பதும் நல்ல தண்ணீரில், கம்பெனி சொன்ன ஆழத்தில், சொன்ன நேரத்துக்கு மட்டும். சோப்புத் தண்ணீர், வெந்நீர், ஆவி எதுவும் அதில் சேராது. தண்ணீரைத் தடுப்பது உள்ளே இருக்கும் மெல்லிய ரப்பர் வளையமும் பசையும்தான், இரண்டும் வெயிலிலும் வியர்வையிலும் நாளாக நாளாக இற்றுப்போகும். போன வருடம் குளித்தபோது ஒன்றும் ஆகவில்லையே என்று இந்த வருடம் குளிக்க முடியாது.

சரி, இப்போது உங்கள் கோபத்துக்கு வருகிறேன். முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் தண்ணீர் புகாது என்று ஆசை காட்டுவது, புகுந்துவிட்டால் உள்ளே இருக்கும் துண்டுத்தாளில் எறும்பு எழுத்தில் கைகழுவுவது, இரண்டையும் ஒரே கம்பெனிதான் செய்கிறது. எனக்கு இதுதான் பெரிய எரிச்சல். ஆற்றில் குதிப்பதை அந்தத் தாள் வெளிப்படையாக விலக்கியிருந்தால் உங்கள் வழக்கு கொஞ்சம் பலவீனம், நீச்சல் அடிக்கலாம் என்று விளம்பரத்தில் படம் போட்டிருந்தால் பலம். முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள், போனில் கத்துவது ஒன்றுக்கும் உதவாது. பதில் சரியில்லை என்றால் 1915, அது தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். பல கம்பெனிகள் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வந்துவிடும். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஆன்லைனில் வாங்கியிருந்தாலும் விற்றவன் ஊருக்கு அலைய வேண்டாம், 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பில்லைப் பத்திரமாக வைத்திருக்கிறீர்களா? பில் இல்லை என்றால் இந்தப் பத்தி முழுவதும் வீண்.

கும்பகோணத்தில் காபிக் கடை வைத்திருக்கும் வாசகர்: ஒன்றேகால் வருடம் ஆகிறது. முதலில் வார் ஊசித் துளை இருக்கும் இடத்தில் அறுந்தது. வேறு வார் தேடினால் அந்த மாடலுக்கு எங்கேயும் கிடைக்கவில்லை. இப்போது பின்பக்கம் சார்ஜ் ஏறும் புள்ளிகள் இரண்டும் பச்சை பூத்து, சார்ஜே ஏற மாட்டேன் என்கிறது. ரிப்பேர் கடையில் பார்த்துவிட்டு, திறந்தால் மூட முடியாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

ரிப்பேர் கடைக்காரர் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார், அவருக்கு ஒரு காபி இலவசமாகக் கொடுங்கள். அந்தக் காலத்து கைக்கடிகாரம் என்றால் பின்மூடியைத் திருகித் திறந்து செல் மாற்றிவிடுவார்கள். இதில் பெரும்பாலும் பசை போட்டு ஒட்டியிருக்கும், திருகாணி கிடையாது. அப்படியே பெயர்த்து எடுத்தாலும் உள்ளே இருக்கும் பேட்டரி அந்த மாடலுக்கென்றே வெட்டிய அளவு.

பச்சை பூப்பதற்குக் காரணம் வியர்வை உப்பு. நீங்கள் நிற்பதோ பாய்லர் முன்னால், விடியற்காலையிலிருந்து. வியர்வை ஈரத்தோடு கழற்றி அப்படியே சார்ஜரில் மாட்டினால், உப்பு ஈரத்தின் வழியே மின்சாரம் ஓடி அந்தப் புள்ளியின் முலாமை அரித்துவிடும், அடியில் இருக்கும் செம்பு வெளியே வந்து பச்சை பிடிக்கும். கோவில் செம்புப் பாத்திரத்தைத் தேய்க்காமல் விட்டால் என்ன ஆகும், அதேதான். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை லேசாக நனைத்து, பேண்டை அணைத்துவிட்டு மெதுவாகத் தேய்த்து, நன்றாகக் காயவிட்டு சார்ஜ் போட்டுப் பாருங்கள். சில பேருக்குத் திரும்ப ஏறும். ஏறினால், இனிமேல் துடைத்துக் காயவைத்த பிறகுதான் சார்ஜ் என்று ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

பேட்டரியைப் பற்றிப் பலரும் கேட்டிருப்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பேட்டரியின் கொள்ளளவு போனில் 5,000 எம்ஏஎச் என்றால் பேண்டில் 100, 200 அளவுதான். லித்தியம் பேட்டரி முந்நூறு, ஐந்நூறு தடவை முழுதாக ஏறி இறங்கினால் கொள்ளளவு கணிசமாகக் குறையும். தினமும் சார்ஜ் கேட்கும் ஸ்மார்ட் வாட்ச் அந்த எண்ணிக்கையை ஒன்றரை வருடத்தில் தொட்டுவிடும், அதனால்தான் இரண்டாவது வருடம் மத்தியானத்திலேயே படுத்துக்கொள்கிறது. வாரம் ஒரு தடவை சார்ஜ் போடும் சாதாரணப் பேண்டுக்கு அந்தப் பிரச்சினை வர பல வருடம் ஆக வேண்டும், ஆனால் அது சூட்டில் சாகும். சித்திரை வெயிலில் பைக் டேங்க் கவரில், பாய்லர் பக்கத்தில், காரின் கண்ணாடிக்குக் கீழே. இல்லையென்றால் சார்ஜ் தீர்ந்தபடியே ஆறு மாதம் அலமாரியில் கிடந்து சாகும். கண்ணாடி ஓரம் தூக்கிக்கொண்டு வந்தால் பேட்டரி உப்பியிருக்கிறது என்று அர்த்தம், அமுக்கி ஒட்டப் பார்க்காதீர்கள், அன்றைக்கே கழற்றி எறியுங்கள். குப்பையில் இல்லை, மின் கழிவு வாங்குபவரிடம். 2022-இல் ஃபிட்பிட் கம்பெனி தன் ஐயானிக் வாட்ச்சையே பேட்டரி சூடாகித் தோல் பொசுங்குகிறது என்று திரும்ப வாங்கிக்கொண்டது, உலகம் முழுக்க விற்றது ஏறக்குறைய 17 லட்சம்.

வார் கதையில் நானும் உங்கள் கட்சி. என் பேண்டின் வார் பதினாலாவது மாதம் அறுந்தது. அந்த மாடலுக்கென்று தனி வடிவம், கண்ட வார் மாட்டாது. தேடித் தேடி ஆன்லைனில் இரண்டு ஒன்றாகக் கிடைத்தது, ஒன்றை மாட்டினேன், மூன்றே மாதத்தில் பேண்ட் போய்விட்டது. மிச்சம் இருந்த புது வாரை அம்மா பொன்னி அரிசி மூட்டை வாயைக் கட்ட எடுத்துக்கொண்டார், நன்றாகத்தான் உழைக்கிறது.

திருவாரூரிலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியர்: என் வாட்ச்சில் ரத்த அழுத்தம், ஆக்சிஜன், சர்க்கரை எல்லாம் வருகிறது, விலை ஆயிரத்து எண்ணூறுதான். ஊசி குத்தாமல் சர்க்கரை பார்க்க முடிவது வசதியாக இருக்கிறது. ஆனால் கமலாலயக் குளத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்த உடனே பார்த்தாலும், வயிறு முட்டச் சாப்பிட்டுப் பார்த்தாலும் சர்க்கரை ஒரே மாதிரி இருக்கிறது. நம்பலாமா?

ஐயா, சர்க்கரையை நம்பாதீர்கள். இன்றைக்கே நிறுத்துங்கள். தோலைக் குத்தாமல் தானாகச் சர்க்கரை அளக்கும் வாட்ச்சோ மோதிரமோ ஒன்றுக்குக்கூட அனுமதி கொடுக்கவில்லை, அதை வைத்து மருந்து அளவை மாற்றினால் உயிருக்கே ஆபத்து என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரிக்கையே விட்டது. கையில் ஒட்டிக்கொள்ளும் சிஜிஎம் என்ற வில்லை வேறு, அதில் மெல்லிய இழை தோலுக்குள் போகிறது, அது நிஜமாகவே அளக்கும். உங்கள் வாட்ச் அளக்கவில்லை, வயதையும் எடையையும் வைத்து ஏதோ ஒரு எண்ணைக் காட்டுகிறது என்றுதான் நான் நினைக்கிறேன். இல்லையென்றால் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரே மாதிரி எப்படி நிற்கும்?

ரத்த அழுத்தத்துக்கு மேல்கையில் சுற்றிக் காற்றடைக்கும் கருவிதான். நல்ல கம்பெனி வாட்ச்சுகளிலேயே சிலவற்றில் இந்த வசதி இருக்கிறது, ஆனால் அவையும் அவ்வப்போது காற்றடைக்கும் கருவியோடு ஒப்பிட்டுச் சரிசெய்யச் சொல்கின்றன.

நாடித் துடிப்பு மட்டும் ஓரளவு நிஜம். பின்பக்கம் மினுக்கும் பச்சை வெளிச்சத்தை ரத்தம் உறிஞ்சும், துடிப்புக்குத் துடிப்பு ரத்தம் கூடிக் குறைவதால் திரும்பி வரும் வெளிச்சமும் கூடிக் குறையும், அதை எண்ணுகிறது. உட்கார்ந்திருக்கும்போது நன்றாகவே எண்ணும். வேகமாக நடந்தால் கை வீச்சையும் துடிப்பையும் குழப்பிக்கொண்டு, நீங்கள் போடும் அடியையே நாடி என்று காட்டுவதும் உண்டு. வேடிக்கை பார்க்க ஆசையாக இருந்தால் அதைக் கழற்றி ஒரு வாழைத்தண்டில் இறுக்கிக் கட்டிப் பாருங்கள். எனக்கு எழுபத்தெட்டு காட்டியது. தண்டு நல்ல ஆரோக்கியம்.

தஞ்சாவூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: தினமும் ஸ்டேடியத்தில் ஓடுகிறேன். வாட்ச் 600 கலோரி எரிந்தது என்று காட்டும், அந்தக் கணக்கில் ராத்திரி இரண்டு பரோட்டா கூடச் சாப்பிடுகிறேன். மூன்று மாதத்தில் இரண்டு கிலோ ஏறிவிட்டேன்.

பரோட்டா தன் கணக்கைச் சரியாகத்தான் வைத்திருக்கிறது. 2017-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஏழு கருவிகளை வைத்துச் சோதித்தார்கள். நாடித் துடிப்பில் ஏழில் ஆறு, ஐந்து சதவீதத்துக்குள் சரியாக வந்தன. கலோரியில் இருப்பதிலேயே நல்ல கருவி 27 சதவீதம் தப்பு, மோசமானது 93 சதவீதம். அது அளவே இல்லை, உங்கள் வயது, எடை, அசைவு, துடிப்பு எல்லாவற்றையும் போட்டுக் குலுக்கி எடுக்கும் ஊகம். இன்னொன்றும் கேளுங்கள். 2016-இல் பிட்ஸ்பர்க்கில் 471 பேரை இரண்டு வருடம் வைத்துப் பார்த்த சோதனையில், பேண்ட் கட்டியவர்கள் சராசரியாக 3.5 கிலோ குறைந்தார்கள், கட்டாதவர்கள் 5.9 கிலோ. உங்களை மாதிரிதான் சாப்பிட்டார்களா என்று எனக்குச் சந்தேகம் உண்டு, நிரூபிக்க முடியாது. ஓடுவதை விடாதீர்கள், கலோரித் திரையை ஆப்பில் மறைத்து வையுங்கள்.

நாகப்பட்டினத்திலிருந்து ஒரு வாசகி: வார் படும் இடத்தில் சிவந்து அரிக்கிறது.

பெரும்பாலும் உள்ளே தங்கும் சோப்பும் வியர்வையும்தான். ராத்திரி கழற்றி வையுங்கள், தூக்கக் கணக்கு ஒன்றும் குடிமுழுகிப் போகாது, அது ஆடாமல் படுத்திருப்பதையே தூக்கம் என்று எழுதும். கொக்கியில் இருக்கும் நிக்கலும் பசையும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, 2014-இல் இந்த அரிப்புக்காகவே ஃபிட்பிட் ஃபோர்ஸ் என்ற பேண்டைத் திரும்ப வாங்கினார்கள். ஒரு வாரம் கழற்றியும் ஆறாவிட்டால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து ஒரு வாசகர்: பேண்ட் நன்றாக இருக்கிறது, ஆப்தான் புது போனில் ஏற மாட்டேன் என்கிறது. மூன்று வருடக் கணக்கு போய்விட்டதா?

பழைய போன் இருந்தால் அதில் திறந்து, கணக்கை வெளியே எடுக்கும் வசதி இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இந்தத் தொழிலில் பெரிய தலைகளே சாய்ந்திருக்கின்றன. பெப்பிள் 2016-இல் கடையை மூடியது, ஜாபோன் 2017-இல், மைக்ரோசாஃப்ட் தன் பேண்டுக்கான சேவையை 2019 மே மாதத்தோடு நிறுத்தியது. பேண்ட் கையில் நன்றாக இருந்தும் என்ன செய்வது, எண்ணிவைத்த கணக்கெல்லாம் அவர்கள் வீட்டு நோட்டில். மாதக் கடைசியில் மொத்த அடியை மட்டும் காலண்டரில் குறித்துவைப்பது என் வழக்கம், கிண்டல் செய்கிறார்கள், பரவாயில்லை.

மயிலாடுதுறையிலிருந்து ஒரு வாசகர்: இவ்வளவு குறை சொல்கிறீர்களே, வாங்கலாமா வேண்டாமா? இரண்டாயிரத்திலும் இருக்கிறது, இருபதாயிரத்திலும் இருக்கிறது.

வாங்கலாம், நானும் திரும்ப வாங்கினேன். அடியும் உட்கார்ந்த நேரத்து நாடியும் மட்டும் நமக்கு உபயோகம், அது இரண்டாயிரத்திலேயே கிடைக்கும். மிச்சம் பதினெட்டாயிரம் பெட்டியில் அச்சடித்த வசதிகளுக்கு. ஓடும் பாதையை வரைபடமாகப் பார்க்க வேண்டும், ஜிபிஎஸ் உள்ளேயே வேண்டும் என்றால் கூடக் கொடுங்கள், அது நியாயமான செலவு. இரண்டு வருடம்தான் உழைக்கும் என்று வைத்து, விலையை இருபத்து நாலால் வகுத்துப் பாருங்கள், மாதம் எண்பது ரூபாய்க்கு எனக்குச் சம்மதம், எண்ணூறுக்கு இல்லை. கடையில் நிற்கும்போது வசதிகளைக் கேட்காதீர்கள். 20 அல்லது 22 மில்லிமீட்டர் சாதாரண வார் மாட்டுமா, சார்ஜர் தொலைந்தால் தனியாகக் கிடைக்குமா, சர்வீஸ் சென்டர் தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ இருக்கிறதா, இல்லை சென்னைக்குக் கூரியர் போட வேண்டுமா என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்குக் கடைப் பையன் முதலாளி முகத்தைப் பார்த்தால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.